அணிவகுப்பின் அடியளவு: திருகோணமலைத் துறைமுகமும் படைக்கல்லூரிகளிற் பெண்களின் உடற்பயிற்சியும்

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் கோட்டைகளையும் கப்பல்களையும் பற்றியே எழுதினர். 1795 இல் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றியமை, 1942 ஏப்பிரில் 9 இல் யப்பானிய விமானங்கள் அங்கு குண்டு வீசியமை, 1957 ஒக்ரோபரில் கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டமை ஆகியன யாவரும் அறிந்த செய்திகள். அத்துறைமுகத்தின் மதில்களுக்குள் பெண்கள் சீருடையணிந்து புகுந்தமை பற்றியோ, அவர்களுக்கு அளிக்கப்பட்ட உடற்பயிற்சி யாது, மறுக்கப்பட்டது யாது என்பது பற்றியோ எழுதப்பட்டது மிகக் குறைவு. சிறிய விடயமாகத் தோன்றினும், ஒரு சமுதாயம் பெண்ணின் உடலைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணம் அதன் பிரசங்கங்களிலும் பார்க்கப் பயிற்சி மைதானத்திலேயே தெளிவாகப் புலப்படும். பிரசங்கத்தில் வீரத்தாயைப் போற்றியவர்களே மைதானத்தில் அவள் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கிவைத்தனர்.

இன்று இத்துறைமுகத்தை அண்டி இரண்டு படைக்கல்லூரிகள் உள. ஒன்று, கப்பற்றுறைப் பகுதியில் 1967 இற் கடற்படைப் பயிற்சி நிலையமாகத் தொடங்கிப் பின்னர் கடற்படை மற்றும் கடல்சார் கல்விக்கழகம் என வளர்ந்த நிறுவனம். மற்றையது, பிரித்தானிய விமானப்படை விட்டுச்சென்ற சீனக்குடாத் தளத்தில் அமைந்த விமானப்படைக் கல்விக்கழகம். இரண்டிலும் இன்று பெண்கள் பயில்கின்றனர். இந்நிலை திடீரென ஏற்பட்டதன்று. ஒரே சீராக ஏற்பட்டதுமன்று.

இரண்டாம் உலகப்போர்க் காலத்திலேயே இத்துறைமுகம் சீருடைப் பெண்களைக் கண்டது. பிரித்தானியாவின் மகளிர் கடற்படைச் சேவை 1917 இல் உருவாகி, முதலாம் உலகப்போர் முடிந்தபின் 1919 இற் கலைக்கப்பட்டு, 1939 இல் மீண்டும் அமைக்கப்பட்டது. 1944 இல் அதன் தொகை ஏறத்தாழ 74,000 ஆக உயர்ந்தது. 'றென்' என வழங்கப்பட்ட இப்பெண்களுட் சிலர் கொழும்பு, கண்டி, திருகோணமலை ஆகிய இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். 1944 இல் தென்கிழக்காசியக் கூட்டுப்படைத் தலைமையகம் பேராதனைக்கு வந்தபொழுது அதன் பணியாளரிடையேயும் இவர்கள் இருந்தனர். பல்கலைக்கழகத்தின் மாணவிகள் பேராதனைச் சாலைகளில் நடமாடத் தொடங்கியதற்கு எட்டு ஆண்டுகள் முன்னதாகவே சீருடை மகளிர் அங்கு நடந்திருக்கின்றனர் என்பது சுவையான செய்தி.

இவர்களுடைய பணி செய்திகளைப் பெறுதல், சங்கேதங்களை எழுதுதல், தட்டெழுத்து, களஞ்சியக் கணக்கு முதலியனவாகும். கரையில் இருக்கும் ஆணொருவனைக் கப்பலுக்கு விடுவிப்பதே சேவையின் நோக்கம். ஆகவே பயிற்சியும் அந்நோக்கத்தின் அளவிலேயே நின்றது. அணிநடை கற்பிக்கப்பட்டது, ஏனெனில் சீருடை அணிந்தோர் ஒழுங்காக நடக்கவேண்டும். விளையாட்டு ஊக்குவிக்கப்பட்டது, ஏனெனில் உடல்நலமும் உற்சாகமும் வேண்டும். ஆயுதம் கற்பிக்கப்படவில்லை. கடற்படை ஒழுக்கச் சட்டமே 1977 வரை இவர்களுக்குப் பொருந்தவில்லை. கடற்படையின் பெயரைத் தாங்கியும் கடற்படைக்குப் புறத்தே நின்ற ஒரு நிலை இது. போர்க்கப்பலிற் பணிபுரியும் உரிமை 1990 இலேயே கிட்டியது.

இதே ஆண்டுகளில் வங்காள விரிகுடாவின் மறுகரையில், திருகோணமலைக் கப்பல்கள் எந்தப் பகைவரை நோக்கி ஆயத்தமாயினவோ அப்பகைவரின் பக்கத்தில், முற்றிலும் வேறுபட்ட ஒரு பயிற்சி நடைபெற்றது. 1943 யூலையிற் சிங்கப்பூருக்கு வந்த சுபாஷ் சந்திரபோஸ் இந்திய தேசிய இராணுவத்திற் பெண்கள் படையணியொன்றை அமைக்கப்போவதாக அறிவித்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1938 இற் பட்டம் பெற்றுச் சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த லட்சுமி சுவாமிநாதன் அதன் தலைவியானார். யூலை 12 இல் நடைபெற்ற மகளிர் கூட்டத்தில் சேலையுடுத்த பெண்கள் இருபதுபேர் துப்பாக்கி ஏந்தி போசுக்கு அணிவகுப்பு மரியாதை செய்தனர். ஒக்ரோபர் 22 இற் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. ஜான்சி ராணி படையணி என்பது அதன் பெயர்.

இப்படையணியிற் சேர்ந்தோரிற் பெருந்தொகையினர் மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களைச் சேர்ந்த தமிழ்ப் பெண்கள் என்பது தமிழ் வாசகர் கருத்திற் கொள்ளவேண்டிய உண்மை. விடியுமுன் எழுந்து, நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவி, பால் சுமந்து, குழந்தைகளையும் பேணிய பெண்கள் அவர்கள். அவர்களுடைய உடல்வலுவைப் பற்றித் தோட்டத் துரைமார் எவருக்கும் ஐயமிருந்ததாகத் தெரியவில்லை; கூலி கொடுக்கும்போது மட்டுமே அவர்கள் மெல்லியலாராயினர். முகாமில் அவர்களுக்குக் காற்சட்டையும் மேற்சட்டையும் வழங்கப்பட்டன. உடற்பயிற்சி, அணிநடை, நெடுந்தூர நடை, துப்பாக்கி சுடுதல், கைக்குண்டு வீசுதல், துப்பாக்கிமுனைக் கத்தியாற் குத்துதல் ஆகியன பயிற்றப்பட்டன. கட்டளைகள் இந்துஸ்தானியில் அமைந்தமையால் தோட்டத்துப் பெண் ஒரே வேளையில் ஒரு புதிய மொழியையும் புதிய உடலசைவையும் கற்கவேண்டியிருந்தது. 1944 மார்ச் 30 இல் ஐந்நூறு பேர் பயிற்சி முடித்து அணிவகுத்தனர். தெரிந்தெடுக்கப்பட்ட சிலருக்குப் பர்மாவிற் காட்டுப்போர்ப் பயிற்சியும், ஏறத்தாழ இருநூறு பேருக்குத் தாதிப் பயிற்சியும் அளிக்கப்பட்டன. அந்த அணிவகுப்பு நிகழ்ந்து மூன்று வாரங்களுள், ஏப்பிரில் 19 இல், திருகோணமலையிலிருந்து புறப்பட்ட நேசநாட்டுக் கப்பற்படை சுமாத்திராவுக்கு வடக்கேயுள்ள சபாங்கைத் தாக்கியது.

இப்படையணியைப் புகழ்ந்தெழுதுவோர் சிலவற்றை மறைத்தெழுதுவதுண்டு. பதவிகள் கல்வியை ஒட்டியே வழங்கப்பட்டன. ஆகவே நகரத்துப் படித்த குடும்பப் பெண்கள் அதிகாரிகளாகவும் தோட்டத்துப் பெண்கள் சிப்பாய்களாகவும் அமைந்தனர். மைதானத்தில் ஒரே பயிற்சியைப் பெற்றவர்கள் மைதானத்திற்கு வெளியே பழைய ஏணியின் பழைய படிகளிலேயே நின்றனர். இம்பால் முயற்சி தோல்வியுற்றமையால் அவர்கள் பெருஞ்சமர் எதிலும் முன்னணியில் நிறுத்தப்படவுமில்லை. 1945 இல் ரங்கூனிலிருந்து பாங்கொக்கை நோக்கி நிகழ்ந்த பின்வாங்கலிலேயே, விமானத் தாக்குதலுக்கு அஞ்சி இரவில் நடந்து பகலில் மறைந்த நாட்களிலேயே, அவர்கள் பெற்ற உடற்பயிற்சி உண்மையாகச் சோதிக்கப்பட்டது. இப்பின்வாங்கலில் முன்னின்ற ஜானகி தேவர் அப்பொழுது இருபது வயதளவிலான கோலாலம்பூர்த் தமிழ்ப்பெண். பின்னர் மலாயா இந்தியக் காங்கிரசை அமைத்தோருள் ஒருவரானார். ஈப்போவிற் பிறந்த, இலங்கைத் தமிழ் மரபினரான ராசம்மாவும் அவருடைய சகோதரி பொன்னம்மாவும் இப்படையணியிற் சேர்ந்திருந்தனர். ராசம்மா பூபாலன் என்ற பெயரில் அவர் பின்னாளில் மலாயாவின் ஆசிரியைகள் சங்கத்தை 1960 இல் அமைத்து, ஆணுக்கு நிகரான ஊதியத்துக்காகப் போராடினார். பயிற்சி முகாம் போரில் எதனை ஈட்டியது என்பதிலும் பார்க்க, போருக்குப் பின் எதனை ஈட்டியது என்று கேட்பதே பொருத்தம்போலும்.

ஒரே காலத்தில் ஒரே கடலின் இரு கரைகளில் நிகழ்ந்த இவ்விரு பயிற்சிகளையும் ஒப்பிடும்போது ஓருண்மை புலனாகின்றது. பிரித்தானியப் பெண்ணின் உடலிலும் பார்க்கத் தமிழ்ப் பெண்ணின் உடல் போருக்கு ஏற்றது என்று எவரும் ஆராய்ந்து கண்டதில்லை. ஒருவருக்கு மேசைப்பணி வகுக்கப்பட்டமையால் அணிநடை போதுமென்றாயிற்று. மற்றவருக்குப் போர்முனை வகுக்கப்பட்டமையால் கைக்குண்டும் வேண்டுமென்றாயிற்று. உடற்றிறனை அளந்து பணியை வகுக்கவில்லை. பணியை வகுத்தபின் உடற்றிறன் இவ்வளவுதான் எனக் கூறப்பட்டது. பிற்கால வரலாறு முழுவதிலும் இம்முறையே காணப்படுகின்றது.

சுதந்திர இலங்கை 1950 இற் கடற்படையை அமைத்தபொழுது அதில் மகளிர்க்கு இடமிருக்கவில்லை. திருகோணமலையில் ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி போன்ற பாடசாலைகளில் 'தேகாப்பியாசம்' நேரசூசியில் இடம்பெற்றது. வலைப்பந்தாட்டமும் இல்ல விளையாட்டுப் போட்டியும் மாணவியரின் உடலுக்கு ஓரளவு விடுதலை அளித்தன. எனினும் பாடசாலையை விட்டு வெளியேறும் நாளோடு அவ்விடுதலை முடிவுற்றது. மெய்வல்லுநர் போட்டியிற் கிண்ணம் பெற்ற பெண் அடுத்த ஆண்டே ஓடுவதைத் தகாத செயலாகக் கருதும் வீட்டிற்கு மருமகளாய்ச் சென்றாள். மைதானத்திற்கும் வீட்டிற்கும் இடையில் ஒரு தொழில் இருக்கவில்லை.

அத்தகைய தொழிலொன்றை இலங்கை அரசு 1979 இல் உருவாக்கியது. பிரித்தானியத் தரைப்படையின் மகளிர் படையணியினது துணையுடனும், அதன் அமைப்பை அப்படியே பின்பற்றியும், இலங்கை இராணுவ மகளிர் படையணி நிறுவப்பட்டது. முதற் பயிலுநர் அதிகாரிகள் பிரித்தானியாவிற் பயின்றனர். ஏனையோர்க்குத் தியத்தலாவையில் 16 வாரப் பயிற்சி வழங்கப்பட்டது. சேர்வோர் 18 வயதுக்கும் 20 வயதுக்கும் இடைப்பட்டோராக இருத்தல் வேண்டும். ஐந்தாண்டு பணியாற்ற உடன்படல் வேண்டும். அவ்வைந்தாண்டும் மணம் புரிதல் கூடாது. ஊதியம் ஆண்களுக்குரிய அதே அளவில் அமைந்தது. மலாயா ஆசிரியைகள் போராட நேர்ந்த உரிமை இங்கு முதல்நாளிலேயே வழங்கப்பட்டது என்பதைப் பாராட்டாதிருக்க முடியாது.

ஆயின் பாடத்திட்டத்தை நோக்குக. அணிநடையும் உடற்பயிற்சியும் ஆண்களுடையவற்றை ஒத்தன. விலக்கப்பட்டவை இரண்டே: ஆயுதப் பயிற்சியும் போர்க்களக் கலையும். தியத்தலாவையின் குளிரில் ஓடவும், ஏறவும், மணிக்கணக்கில் நிற்கவும் வல்லதெனக் கொள்ளப்பட்ட உடல், சில இறாத்தல் நிறையுள்ள துப்பாக்கியைத் தாங்க வல்லதன்று என எவராவது உண்மையில் நம்பியிருப்பரா? விலக்கின் காரணம் உடலில் இல்லை. தாதிப்பணி, செய்தித் தொடர்பு, எழுதுவினைஞர் பணி ஆகிய மூன்றுமே அவர்களுக்கு வகுக்கப்பட்டிருந்தன. அவற்றுக்குத் துப்பாக்கி வேண்டியதில்லை. 1944 இல் திருகோணமலையில் றென் மகளிர்க்கு வகுக்கப்பட்ட எல்லை, 35 ஆண்டுகளின் பின் சுதந்திர நாட்டின் மகளிர்க்கும் ஏறத்தாழ அப்படியே வகுக்கப்பட்டது. 1987 இன் பிற்பகுதியிற் பெண்களே இராணுவப் பயிற்றுநராகத் தகுதி பெற்று வெளியேறியமை இவ்வெல்லையின் முதல் நெகிழ்வு.

வளம் மிக்க நாடுகளிலும் இதே தயக்கம் காணப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவின் படைக்கல்லூரிகள் 1975 ஒக்ரோபரில் இயற்றப்பட்ட சட்டத்தினாலேயே மகளிர்க்குத் திறக்கப்பட்டன. 1976 இல் வெஸ்ற் பொயின்ற் கல்லூரியில் 119 பெண்கள் சேர்ந்தனர். 1980 இல் 62 பேர் பட்டம் பெற்றனர். அங்கு ஆண்களுக்குக் குத்துச்சண்டையும் மல்யுத்தமும் கட்டாயம். பெண்களுக்கு அவற்றின் இடத்தில் தற்காப்புக்கலை கற்பிக்கப்பட்டது. குத்துச்சண்டை பெண்களுக்கும் கட்டாயமானது 2016 இலேயே. நாற்பது ஆண்டுகள் ஓர் அறை வாங்கும் உரிமைக்காகக் காத்திருக்க நேர்ந்தது என்று நகைக்கலாம். ஆனால் அடிபட்டும் நிலைகுலையாதிருத்தல் அதிகாரிக்குரிய பண்பு என்று அக்கல்லூரியே கற்பித்துவந்த நிலையில், அப்பாடம் பெண்ணுக்கு வேண்டியதில்லை என்றமை சிறிய விடயமன்று.

இலங்கையில் எல்லையை உடைத்தது சட்டமன்று, போர். 1983 இன் பின் மூண்ட போர் இருபக்கத்திலும் பெண்களின் கையில் ஆயுதத்தைக் கொடுத்தது. அரசபடையின் மகளிர் காவலரண்களில் நின்றனர். விடுதலைப் புலிகள் இயக்கத்தின் முதலாவது பெண்கள் அணிக்கான பயிற்சி 1985 இல் தமிழ்நாட்டில் தொடங்கியது. விரும்பிச் சேர்ந்தோரும், பிற்காலத்திற் கட்டாயமாகக் கொண்டுசெல்லப்பட்டோரும், பள்ளிப் பருவம் கடவாதோரும் அதிற் பயிற்சி பெற்றனர். 2009 இற் போர் முடிவுற்றபோது பெண்ணின் உடல் போருக்குப் பொருந்துமா என்ற பழைய வினாவுக்கு இத்தீவில் இடமிருக்கவில்லை. அவ்வினாவுக்கு விடை பெறப்பட்ட விலையை இக்கட்டுரையின் எல்லைக்குள் எழுதிவிட இயலாது.

போருக்குப் பின் எழுந்த வினா வேறானது: ஆணுக்குரிய பயிற்சியை அப்படியே பெண்ணுக்கும் அளித்தல் சமத்துவமாகுமா? பிரித்தானியத் தரைப்படை 1998 இல் ஆண்பெண் வேறுபாடற்ற பயிற்சித் திட்டத்தை நடைமுறைப்படுத்தியது. ஒரே சுமை, ஒரே தூரம், ஒரே வேகம். அதன் பயனாக, மிகையுழைப்பினால் ஏற்படும் எலும்பு, தசைக் காயங்கள் காரணமாக மருத்துவர் விலக்கிய பெண் பயிலுநரின் வீதம் 4.6 இலிருந்து 11.1 ஆக உயர்ந்தது. ஆண்களின் வீதமோ 1.5 இற்குக் கீழேயே இருந்தது. பெண்கள் பலவீனர் என்பதற்கு இதனைச் சான்றாகக் காட்டியோர் உளர்.

ஆனால் அவுஸ்திரேலியத் தரைப்படையிற் கிடைத்த அனுபவம் வேறு விளக்கத்தைத் தருகின்றது. அங்கு பெண் பயிலுநரிடையே இடுப்பெலும்பிற் கீறல்முறிவு மிகுதியாகக் காணப்பட்டது. ஆராய்ந்தபோது, காரணம் அணிநடையில் இருப்பது தெரியவந்தது. அணிநடையின் அடியளவு ஆணின் கால்நீளத்தை ஒட்டி, ஏறத்தாழ முக்கால் மீற்றராக, வகுக்கப்பட்டிருந்தது. உயரங்குறைந்த பெண் வரிசை குலையாதிருக்கத் தன் இயல்பான அடியை நீட்டி, சுமையுடன், நாள்தோறும் நடந்தாள். அவ்வாறு நீட்டிய ஒவ்வோர் அடியும் இடுப்பெலும்பை வருத்தியது. நடையின் வேகத்தைக் குறைத்து, அவரவர் அடியை அவரவரே வைக்க விடுத்து, வரிசையின் இடைவெளியைக் கூட்டி, கடுந்தரைக்குப் பதிலாகப் புற்றரையில் ஓடச் செய்தனர். முறிவின் வீதம் 11.2 இலிருந்து 0.6 ஆக வீழ்ந்தது. பயிற்சி நிறுத்தப்படவில்லை, தரமும் கைவிடப்படவில்லை. உடலின் குறை எனக் கருதப்பட்டது அளவுகோலின் குறையாயிருந்தது. பிரித்தானிய மரபின் அணிநடையையே பின்பற்றும் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இவ்வாய்வு நேரடியாகப் பொருந்தும்.

அயலில், சென்னைப் பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சிக் கழகம் 1992 செப்ரெம்பரிற் பெண்களுக்குத் திறக்கப்பட்டது. 2010 இல் அங்கு திவ்யா அஜித்குமார் என்ற சென்னைப் பெண், ஆண் பயிலுநரையும் விஞ்சி, சிறந்த பயிலுநருக்குரிய வாளைப் பெற்றார். அதனைப் பெற்ற முதற்பெண் அவரே. எனினும் கடக்வாஸ்லாவில் உள்ள தேசிய பாதுகாப்புக் கழகம் 2021 இல் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பிக்கும் வரை மாணவியரை ஏற்கவில்லை. 2022 இற் சேர்ந்த முதற்குழுவில் 17 பெண்கள் 2025 மே மாதத்திற் பயிற்சி முடித்து வெளியேறினர்.

திருகோணமலைக்கு மீள்வோம். கடற்படைக் கல்லூரியின் உடற்பயிற்சி தரைப்படையினதைப் போன்றதன்று. நீந்துதல், துடுப்பு வலித்தல், பாய்மரப்படகு செலுத்துதல் ஆகியவை அதன் உயிர்நாடி. இவற்றில் உடற்பருமனிலும் பார்க்க நுட்பமும் தாங்குதிறனும் பயன்படுவன. கொட்டியாரக் குடாவின் மறுகரையில், மூதூர், கிண்ணியாப் பகுதிகளில், இடுப்பளவு நீரில் நின்று மட்டி எடுக்கும் பெண்களைக் கண்டோர், கடலுழைப்பு மகளிர்க்குப் புதியது என்று கூறார். விளையாட்டும் இங்கு தனிப்பொருள் பெறுகின்றது. மகளிர் துடுப்பாட்டத்தில் முப்படைகளின் அணிகளும் நாட்டின் முன்னணி அணிகளாயிருந்துள்ளன. கிராமத்து வறிய குடும்பத்தின் விளையாட்டு வீராங்கனைக்குச் சம்பளமும் பயிற்றுநரும் சத்துணவும் ஒருங்கே கிடைக்கும் இடம் இந்நாட்டிற் படையைத் தவிர வேறு மிகச் சிலவே. பல்கலைக்கழகங்களின் விளையாட்டுத் துறைகள் இதனையிட்டுச் சற்று நாணலாம்.

ஆயின் அவ்வாய்ப்பு இம்மாவட்டத்தின் தமிழ்ப் பெண்களுக்கு எட்டவில்லை. படைகளில் தமிழரின் தொகை மிகச் சிறிது. 1956 இன் மொழிச்சட்டமும், பின்வந்த போரும், கப்பற்றுறை மதில்களைப் பற்றித் தமிழ்க் குடும்பங்களிடையே நிலவும் அச்சமும் கசப்பும் அதற்குக் காரணங்கள். 2012 இல் வன்னியிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப் பெண்கள் இராணுவத்திற் சேர்க்கப்பட்டபொழுது, அது வேலைவாய்ப்பா வற்புறுத்தலா என்ற விவாதமே எழுந்தது. அவர்கள் பெறப்போகும் பயிற்சி எத்தகையது என்று எவரும் கேட்கவில்லை. போரின் சுமையைத் தாங்கிய ஒரு சமுதாயத்தில் வேறு விவாதம் எழுந்திருக்கவும் முடியாது. ஆயினும் உடற்பயிற்சியும் விளையாட்டும் படையின் வாயில் வழியே மட்டும் பெண்களுக்குக் கிடைக்குமாயின், அவ்வாயிலிற் புக விரும்பாத பெண்களுக்கு எஞ்சுவது பாடசாலையின் இல்ல விளையாட்டுப் போட்டி ஒன்றே.

2020 நவம்பரிற் சீனக்குடாவில் இலங்கை விமானப்படையின் முதற் பெண் விமானிகள் இருவர் தம் இறக்கைச் சின்னங்களைப் பெற்றனர். 1942 இல் யப்பானியக் குண்டுகள் வீழ்ந்த தளம் அது. தியத்தலாவையில் ஆயுதமின்றி அணிவகுக்க மகளிர் படையணி நிறுவப்பட்டு அப்பொழுது 41 ஆண்டுகள் கழிந்திருந்தன.